கணக்கு மணிக்கு மட்டும்

கள்ளிக்குப்பம்
14-9-1936

பெரிய வாத்தியார் ஐயா அவர்களுக்கு, இரண்டாம் வகுப்பு குப்பம்மாவின் தாயார் பொன்னம்மாள் எழுதுவது.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குள்ள வந்து சத்தம் போட்டது தப்புத்தான். பிள்ளைங்க எதிர்ல லோகநாதன் வாத்தியாரைப் பார்த்து, "உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா"ன்னு கேட்டிருக்கக் கூடாது. கேட்ட விதத்துக்கு மன்னிப்புக் கேக்கறேன். கேட்ட விஷயத்துக்குக் கேக்க மாட்டேன்.

பாடம் நடக்கற நேரத்துல இங்க வரக் கூடாது, சொல்றதை எழுதி அனுப்புன்னு சொன்னீங்க. இவளுக்கு எங்க எழுதத் தெரியப்போவுதுன்னு நெனச்சிருப்பீங்க. நான் பூந்தமல்லி மிஷன் பள்ளிக்கூடத்துல நாலாவது வரைக்கும் படிச்சவ. அதனால எழுதறேன்.

அன்னிக்கு வாத்தியார் ஒண்ணுலேருந்து அம்பது வரைக்கும் பலகையில எழுதச் சொல்லியிருக்காரு. எம்பொண்ணு பதினஞ்சே பதினஞ்சு எண்ணுதான் எழுதினா. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணுன்னு போய் நாப்பத்தேழுல நிறுத்திட்டா. வாத்தியார் முட்டை போட்டு, உள்ளங்கையில ரெண்டு அடி கொடுத்து, மூலையில நிக்க வெச்சிட்டாரு. ஏன் இப்படி எழுதினேன்னு ஒரு வார்த்தை கேக்கல.

நான் கேட்டேன். ஊட்டுல அவ புளியங்கொட்டை வெச்சு ஆடுவா. ஆறு கொட்டைன்னா ரெண்டு வரிசையா அடுக்கலாம். பன்னெண்டுன்னா மூணு வரிசை, நாலு வரிசைன்னு அடுக்கலாம். ஏழு கொட்டையை ஒரே கோடா நீட்டலாமே தவிர, சமமா ரெண்டு வரிசை, மூணு வரிசைன்னு வைக்க முடியாது. எப்பவும் ஒண்ணு மிஞ்சும், இல்ல குறையும். அந்த மாதிரி எண்ணுக்கெல்லாம் 'அடங்காத எண்'ணுன்னு அவளே பேரு வெச்சிருக்கா. "அம்பது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்மா, அதான் அடங்காதது மட்டும் எழுதினேன்"னு சொன்னா. இதுக்குத்தான் முட்டையும் அடியும்.

ஐயா, அவளுக்கு முன்னாடி மூணு பிள்ளை தங்கல. குப்பையில புரட்டி எடுத்து இந்தப் பேரு வெச்சு நின்ன பிள்ளை இவ ஒருத்திதான். ஏழு வயசு. இரண்டாம் வகுப்புக் கணக்கு அவளுக்கு எப்பவோ முடிஞ்சிபோச்சு. தெனம் காலையில வயித்துவலின்னு படுத்துக்கறா. இரட்டைப் பிரமோஷன்னு ஒண்ணு உண்டாமே. அவளை நாலாவதுக்குத் தூக்கிப் போடணும்னு கேட்டுக்கறேன்.

கடிதத்தை அவ கிட்டயே கொடுத்தனுப்பறேன். வழியில பிரிச்சுப் படிப்பா. படிக்கட்டும், அவளைப் பத்தினதுதானே.

பொன்னம்மாள்


அம்பத்தூர்
16-9-1936

பொன்னம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் இந்தப் பாடசாலைக்குத் தலைமை ஆசிரியனாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது இதுவே முதல் தடவை. எழுத்து திருத்தமாகவே இருக்கிறது.

லோகநாதன் அடித்தது அதிகம். அதை அவரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் கேட்டதை எழுதாமல் தனக்குத் தோன்றியதை எழுதினால் சைபர்தான் கிடைக்கும். பெரிய பரீட்சைகளிலும் அப்படித்தான்.

இரட்டைப் பிரமோஷன் கொடுப்பதற்கில்லை. உன் பெண் தமிழ் வாசகத்தில் தட்டுத் தடுமாறுகிறாள். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. கணக்கு ஒன்றுக்காக ஏழு வயதுக் குழந்தையைப் பத்து வயதுப் பையன்களுக்கு நடுவில் உட்கார வைக்க பாடசாலை இன்ஸ்பெக்டர் சம்மதிக்க மாட்டார். நானும் சம்மதிக்க மாட்டேன். இந்த விஷயத்தை இத்துடன் விட்டுவிடு.

வயிற்றுவலிக்கு ஓமத்தண்ணீர் கொடுக்கவும்.

கோ. மணவாளன்
தலைமை ஆசிரியர்


கள்ளிக்குப்பம்
21-9-1936

பெரிய வாத்தியார் ஐயாவுக்கு,

ஓமத்தண்ணி கொடுத்தேன். ஞாயித்துக்கிழமை வலி சுத்தமா இல்ல. இன்னிக்குத் திங்கக்கிழமை, விடிஞ்சதும் வந்துடுச்சு. ஓமத்துக்குக் கிழமை தெரியுமான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

நேத்து எங்க ஊட்டுக்காரர் வந்திருந்தாரு. பட்டாபிராம்ல ரயில்வே கேங்குல இருக்காரு. பேரு வேம்புலி. ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. உங்க கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். "இன்னாத்துக்குமே வாத்தியாரோட வம்பு? உம்பொண்ணு ஸ்டேஷன் மாஸ்டரா ஆவப்போவுது?"ன்னு சிரிச்சாரு.

குப்பம்மா பக்கத்துல வந்து உக்காந்துகினு, "உங்க கேங்குல எத்தினி பேரு நைனா?"ன்னு கேட்டா. பதினொண்ணுன்னாரு. "அப்ப தண்டவாளம் தூக்க ரெண்டு பக்கமும் சமமா நிக்க முடியாதே, ஒருத்தர் சும்மாதான் நிப்பாரு"ன்னா. அவரு ஒவ்வொரு ஆளாப் பேரைச் சொல்லி எண்ணினாரு. அப்புறம் "அது மேஸ்திரி"ன்னாரு. ரயிலுக்குக் கிளம்பறப்போ என் கிட்ட வந்து, "வாத்தியாருக்கு இன்னொரு கடிதாசி எழுது"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

வாசகம் தடுமாறுறா, கையெழுத்து சரியில்லன்னு சொன்னீங்க. உண்மைதான், நான் பார்த்துக்கறேன். ஆனா ஐயா, அவ கணக்கை நீங்க நேர்ல பார்த்தீங்களா? லோகநாதன் வாத்தியார் சொல்லித்தானே தெரியும்? ஒரு பத்து நிமிஷம் அவளைக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்க. பேசினப்புறமும் முடியாதுன்னு சொன்னா நான் கேட்டுக்கறேன்.

பொன்னம்மாள்


அம்பத்தூர்
28-9-1936

பொன்னம்மாள் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை ஒட்டி லோகநாதனிடம் கொடுத்தனுப்புகிறேன். குழந்தை வழியில் படிக்க வேண்டாம்.

பத்து நிமிஷம் பேசச் சொன்னீர்கள். வியாழக்கிழமை பள்ளி விட்டபின் அவளோடு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் போனது தெரியவில்லை. நான் கேட்ட பெருக்கல், வகுத்தல் எல்லாம் சொன்னாள். அது பெரிதல்ல, பழக்கினால் வரும். கடைசியில் அவள் என்னை ஒன்று கேட்டாள். "சார், எண் பெரிசாகப் பெரிசாக அடங்காதது கொறைஞ்சுகினே வருது. எங்கயாவது ஒரு எடத்துல மொத்தமா தீந்துபோயிடுமா?" எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். "அப்ப நானே பாத்துக்கறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சாதாரணக் குழந்தை அல்ல. நீங்கள் சொன்னது சரி. ஆகவேதான் முன்னைவிட உறுதியாக முடியாது என்கிறேன். ஏன் என்று சொல்ல வேண்டியது என் கடமை.

என்னையும் இப்படித் தூக்கினார்கள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. பதினோரு வயதில் திருவள்ளூரில் பதினைந்து வயதுப் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அவர்களுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. எனக்குப் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. இடைவேளையில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். என் வயதுப் பையன்களோ நான் பெரிய வகுப்பு என்று ஒதுங்கிப் போனார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் என் தகப்பனார் என்னைக் கூப்பிட்டு நிறுத்திக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்வார். வந்தவர்கள் முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள்.

கடைசிப் பரீட்சையில் கணக்குத் தாளில் என் பெயரை எழுதிவிட்டு மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். விடை தெரியாமல் அல்ல. ஒன்றைக்கூட எழுதக் கை வரவில்லை. அதன் பிறகு டிரெயினிங் பள்ளிக்குப் போய் வாத்தியாரானேன். கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்காக ஒரு கணக்குப் போட்டு இருபது வருஷம் ஆகிறது.

இதை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. எனக்கு நேர்ந்ததை என் கையாலேயே இன்னொரு குழந்தைக்குச் செய்ய மாட்டேன்.

கோ. மணவாளன்


கள்ளிக்குப்பம்
5-10-1936

ஐயா அவர்களுக்கு,

உங்க கடிதத்தை மூணு தரம் படிச்சேன். ஊட்டுக்காரருக்குக்கூடப் படிச்சுக் காட்டல. 'வாத்தியார் யோசனை பண்றாரு'ன்னு மட்டும் சொல்லி வெச்சேன்.

உங்களுக்கு நடந்தது அநியாயம். அதைப் படிச்சப்புறம் நாலாவதுக்குத் தூக்கிப் போடுங்கன்னு நான் கேக்க மாட்டேன். அதை வாபஸ் வாங்கிக்கறேன். குப்பம்மாவுக்கு ரெண்டாவதுல ரெண்டு சிநேகிதி இருக்காங்க. மூணு பேரும் பாண்டி ஆடினா சோத்துக்குக்கூட வர மாட்டாங்க. அவங்களை விட்டுப் பிரிச்சா இவ அழுவா. இது எனக்கு முதல்லயே தோணியிருக்கணும்.

ஆனா உங்களை முழுசா தூக்கிட்டாங்க ஐயா. ஆளு, புஸ்தகம், சிநேகிதம், வெளையாட்டு எல்லாத்தையும் சேர்த்துத் தூக்கிட்டாங்க. தூக்க வேண்டியது கணக்கு ஒண்ணுதானே?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டு சொல்லித் தர்றப்போ ஒண்ணாவதுலேருந்து அஞ்சாவது வரைக்கும் எல்லாப் பிள்ளைங்களும் ஒரே கூடத்துல உக்காந்து பாடுதுங்க. ரோட்டுல போறப்போ நானே பார்த்திருக்கேன். பாட்டுக்கு வகுப்பு பார்க்கறதில்ல. அதே மாதிரி கணக்கு மணி அடிச்சா அவ எழுந்து நீங்க நடத்தற அஞ்சாவதுல போய் உக்காரட்டும். கணக்கு முடிஞ்சதும் ரெண்டாவதுக்கே திரும்பி வந்துடட்டும். வாசகம், எழுத்து, தையல், வெளையாட்டு எல்லாம் அவ வயசுப் பிள்ளைங்களோடயே இருக்கட்டும். பேரேட்டுல அவ பேரு ரெண்டாவதுலயே கெடக்கட்டும். கணக்கு காலையில முதல் மணியில எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்துல நடக்குதாமே. அப்ப அவ எதையும் தவற விடப்போறதில்ல.

வந்தவங்க எதிர்ல நிறுத்திக் கணக்கு கேக்கற வேலை எங்க ஊட்டுல நடக்காது. எங்க ஊட்டுக்கு அப்படி யாரும் வர்றதுமில்ல.

பொன்னம்மாள்


அம்பத்தூர்
12-10-1936

பொன்னம்மாள் அவர்களுக்கு,

ஒரு வாரம் யோசித்தேன். நீங்கள் சொன்ன யோசனையில் ஓட்டை கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒன்றுதான் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் திடீரென்று வந்து தலை எண்ணினால், இரண்டாம் வகுப்பில் பேரேட்டைவிட ஒரு தலை குறையும். பொய் வருகை போட்டதாக என்மேல் எழுதுவார். பாடசாலைக்கு வரும் சர்க்கார் கிராண்ட் பணத்தையும் நிறுத்தலாம்.

இருந்தாலும் ஒரு மாதம் பார்ப்போம். நாளை முதல் கணக்கு மணிக்கு மட்டும் அவள் ஐந்தாம் வகுப்புக்கு வரலாம். அந்த வகுப்பு என்னுடையது. கதவை ஒட்டி முதல் பெஞ்சில் உட்காரட்டும். கால் எட்டும்படி கீழே ஒரு பலகை போடச் சொல்லியிருக்கிறேன். அவளைக் கொண்டு பெரிய பையன்களை மட்டம் தட்ட மாட்டேன். அவளும் கேட்டால்தான் விடை சொல்ல வேண்டும். ஒருநாள் அழுதுகொண்டு வகுப்பைவிட்டு வெளியே வந்தாலும் அன்றோடு நிறுத்திவிடுவேன். பதிலுக்கு நீங்கள் தினம் ஒரு பக்கம் காப்பி எழுத வைத்து அனுப்புங்கள். கோழி கிளறியதை வைத்துக்கொண்டு பின்னக் கணக்கு போட முடியாது.

கோ. மணவாளன்


கள்ளிக்குப்பம்
23-11-1936

ஐயா அவர்களுக்கு,

மாசம் ஒண்ணு தாண்டிப் பத்து நாளாச்சு. நீங்க நிறுத்தல, நானும் கேக்கல. வயித்துவலி போன எடம் தெரியல. ஓமம் மிச்சம் இருக்கு.

போன வாரம் ஒருநாள் ஊட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதா. உங்க எதிர்ல அழலியாம், ஏரிக்கரை வரைக்கும் அடக்கிக்கினு வந்திருக்கா. பின்னக் கணக்கு வரலியாம். பொறந்ததுலேருந்து அவளுக்கு வராத கணக்குன்னு ஒண்ணை அன்னிக்குத்தான் பார்த்திருக்கா. நிறுத்தச் சொல்லி உங்களுக்கு எழுதிடலாமான்னு நெனச்சேன். மறுநாள் காலையில எனக்கு முன்னாடி எழுந்து தலையை வாரிக்கினு நிக்கிறா. இன்னிக்கு அதை உட மாட்டேங்கறா. நான் எழுதல.

இன்னொரு விஷயம். மறைக்கறது சரியில்லன்னு எழுதறேன். நாகேந்திரன் ஐயா நெலத்துலதான் நான் களை எடுக்கப் போய்க்கினு இருந்தேன். அவரு பையன் ஜானகிராமன் உங்க அஞ்சாவதுல படிக்கிறான். பத்து நாளைக்கு முன்னாடி வரப்புல நின்னுகினு என்னைக் கூப்பிட்டாரு. "உம்பொண்ணு எம்பையனோட ஒண்ணா உக்காந்து கணக்கு போடுதாமே. அததுக்கு ஒரு எடம் இருக்கு பொன்னம்மா. எடத்துல உக்கார வை, இல்லன்னா நீ இங்க வர வேணாம்"னாரு. மீதி வரிசைக் களையை முடிச்சுக் கொடுத்துட்டு வந்துட்டேன். இப்ப கொரட்டூர் பக்கம் பூந்தோட்டத்துல பூப்பறிக்கப் போறேன். நடைதான் கொஞ்சம் கூட. வேற கொறை இல்ல. இதுக்காக நீங்க ஒண்ணும் மாத்த வேணாம்.

பொன்னம்மாள்


அம்பத்தூர்
30-11-1936

பொன்னம்மாள் அவர்களுக்கு,

நாகேந்திரன் விஷயத்தை உடனே எனக்கு எழுதியிருக்க வேண்டும். இப்போது அது வயலோடு நிற்கவில்லை. அவர் மேலே ஒரு மனு போட்டிருக்கிறார். விதிக்கு விரோதமாக ஒரு குழந்தையை வகுப்பு மாற்றி உட்கார வைத்து மற்றப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பதாக எழுதியிருக்கிறாராம். வருகிற 10-ந் தேதி இன்ஸ்பெக்டர் வருகிறார். இன்று தபால் வந்தது.

நான் தைரியசாலி அல்ல. என் பரீட்சையைப் பற்றி எழுதிய கடிதத்திலேயே அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று ஒருநாள் குப்பம்மாவை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். அவர் வந்து போனபின் பழையபடி நடக்கட்டும்.

கோ. மணவாளன்


கள்ளிக்குப்பம்
2-12-1936

ஐயா,

அவளுக்குக் காய்ச்சல் இல்ல. வராத காய்ச்சலை நான் எப்படிச் சொல்லுவேன்?

10-ந் தேதி அவ பள்ளிக்கூடத்துக்கு வருவா. எங்க உக்கார வைக்கறீங்களோ வையுங்க. ரெண்டாவதுல உக்கார வெச்சாலும் எனக்கு வருத்தமில்ல, அது அவ வகுப்புதான். உங்க வேலைக்கு ஆபத்துன்னா நான் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். உங்களுக்கும் குடும்பம் இருக்கு. ஆனா யாராவது கேட்டா பொய் சொல்லுன்னு மட்டும் அவளுக்குச் சொல்லித் தராதீங்க. அவ கணக்குக்காரி. ஒரு எடத்துல தப்பு போட்டா அப்புறம் எல்லா எடத்துலயும் தப்பாப் போவும்னு அவளுக்குத் தெரியும்.

பொன்னம்மாள்


அம்பத்தூர்
11-12-1936

பொன்னம்மாள் அவர்களுக்கு,

நேற்று நடந்ததை லோகநாதன் உங்களுக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பார். நானே முழுவதும் எழுதுகிறேன்.

குப்பம்மாவை இரண்டாம் வகுப்பிலேயே உட்கார வைத்தேன். இன்ஸ்பெக்டர் நேராக அங்கேதான் வந்தார். பேரேட்டில் முப்பத்திரண்டு, தலை முப்பத்திரண்டு. சரியாக இருந்தது. அவர் பையிலிருந்து மனுவை எடுத்து, "இதில் எழுதியிருப்பது உண்மையா?" என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்கள் பெண் மற்றக் குழந்தைகளோடு ஒன்றிலிருந்து நூறு வரை வரிசையாக, அழகாக எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு எண்ணைக்கூட விடவில்லை. அதைப் பார்த்தபின் எனக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை.

"உண்மைதான். தினமும் கணக்கு மணிக்கு ஐந்தாம் வகுப்பில் உட்காருகிறாள். இன்று உங்களுக்குப் பயந்து மாற்றி வைத்தேன்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. அவளை ஐந்தாம் வகுப்புக்கு அழைத்துவரச் சொன்னார். இங்கே என்ன செய்கிறாய் என்று அவளைக் கேட்டார். அவள் கொஞ்சமும் பயப்படாமல் சாக்பீஸை எடுத்துப் புள்ளி வைத்து, அடங்கும் எண், அடங்காத எண் என்று அவருக்குப் பாடம் நடத்தினாள். அவர் முதலில் நின்றுகொண்டு கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவில் அடங்காதது எது எது என்று கேட்டார். "தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்தேழு" என்றாள்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். நாகேந்திரனின் மகன் ஜானகிராமன். "தொண்ணூத்தொண்ணு அடங்கும் சார். ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு" என்றான்.

இனி அவள் அழுவாள், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஆமா, அடங்குது. நீ எப்பிடிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டுக்கொண்டே இன்ஸ்பெக்டரை அப்படியே விட்டுவிட்டு அவன் பெஞ்சுக்கு நடந்து போய்விட்டாள். மணி அடிக்கும் வரை இரண்டு பேரும் ஒரே பலகையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நூறுக்கு மேல் போய்க்கொண்டிருந்தார்கள்.

தவறு செய்ததற்கு இத்தனை சந்தோஷப்பட்ட குழந்தையை நான் பார்த்ததில்லை. இரண்டாம் வகுப்பில் அவள் சொன்னதைத் தவறு என்று சொல்ல ஒருவரும் இல்லை. என்னைத் தூக்கி வைத்த வகுப்புகளிலோ, தவறு செய்தால் சிரிக்க முப்பது பேர் இருந்தார்கள். திருத்தவும் வேண்டும், சிரிக்கவும் கூடாது. அப்படி ஓர் இடம் கிடைத்திருந்தால் நான் அந்தத் தாளை வெறுமையாகக் கொடுத்திருக்க மாட்டேன்.

இன்ஸ்பெக்டர் விசிட் புத்தகத்தில் எழுதியதை அப்படியே தருகிறேன். 'இரட்டைப் பிரமோஷன் கூடாது. வருகை இரண்டாம் வகுப்பில் போடப்பட வேண்டும். கணக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பில் கற்பது தலைமை ஆசிரியரின் சொந்தப் பொறுப்பில் தொடரலாம்.' சொந்தப் பொறுப்பு என்ற இடத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். சந்தோஷமாகப் போட்டேன்.

கோ. மணவாளன்


கள்ளிக்குப்பம்
14-12-1936

ஐயா அவர்களுக்கு,

படிச்சேன். ஊட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன். இன்ஸ்பெக்டரை உட்டுட்டுப் போன எடத்தை மட்டும் ரெண்டு தரம் படிக்கச் சொன்னாரு.

இங்க ஒரு வேடிக்கை. நாகேந்திரன் ஐயா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காராம், அதிசயப் பொண்ணுன்னு எல்லாரும் சொன்னதை எம்பையன் இன்ஸ்பெக்டர் எதிர்லயே ஜெயிச்சிட்டான்னு. மனுவைப் பத்தி இப்ப பேச்சே இல்ல. தெனம் அவ எதிர்ல உக்காந்தாத்தானே தெனம் ஜெயிக்கலாம்? அறுப்புக்கு வரச் சொல்லி நேத்து எனக்கு ஆள் அனுப்பினாரு. பூந்தோட்டத்துல ஒத்துக்கினதை முடிச்சிட்டு வர்றேன், அவசரம்னா வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லுன்னு சொல்லி அனுப்பினேன்.

நீங்க உண்மையைச் சொன்னதுக்கு எப்படி எழுதறதுன்னு தெரியல. குப்பம்மா கிட்ட, உங்க சார் ரொம்ப தைரியசாலின்னு சொன்னேன். "தெரியுமே"ன்னா.

பொன்னம்மாள்


அம்பத்தூர்
1-3-1937

பொன்னம்மாள் அவர்களுக்கு,

ஒரு நல்ல செய்தியும் ஒரு கவலையும்.

வாசகத்தில் குப்பம்மா இப்போது வகுப்பில் நடுவில் இருக்கிறாள். கையெழுத்தைக் கோழி பார்த்தால் தன்னுடையது அல்ல என்று சொல்லும். அது உங்கள் உழைப்பு.

ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஏப்ரலுக்குள் முடிந்துவிடும். ஜூனில் அவள் மூன்றாம் வகுப்பு. கணக்குக்கு அவளை எங்கே அனுப்புவது? இந்தப் பாடசாலையில் ஐந்துக்கு மேல் வகுப்பே கிடையாது. திருவள்ளூர் தூரம். பட்டணமும் தூரம். இருபது வருஷத்துக்குப் பின் நானே மாலையில் உட்கார்ந்து அல்ஜீப்ராவைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் என்னோடு தனியே உட்கார்ந்தால் அவளுக்கு வளர்ந்த ஆள் ஒருவன்தான் துணை. ஜானகிராமனைப்போல் மறுத்துப் பேச ஆள் வேண்டும்.

ஆறாம் வகுப்பு திறக்க அனுமதி கேட்டு எழுதினேன். பதில் வந்தது. குறைந்தது பதினைந்து பிள்ளைகள் சேருவார்கள் என்று பெற்றோர் கையொப்பத்தோடு காட்டினால் யோசிக்கலாமாம். ஐந்தாம் வகுப்பை முடிப்பவர்களில் வருஷத்துக்கு நான்கு பேர்கூட மேலே படிப்பதில்லை. பெண்களில் ஒருவரும் இல்லை. பதினைந்துக்கு நான் எங்கே போவேன்? வேறு வழி ஏதாவது உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள். உங்களுக்குத் தோன்றும் என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறேன்.

கோ. மணவாளன்


கள்ளிக்குப்பம்
22-3-1937

ஐயா அவர்களுக்கு,

பதில் எழுத மூணு வாரம் ஆயிடுச்சு. சும்மா இருக்கல.

வருஷத்துக்கு நாலு பேருதான் மேல படிக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அதைப் படிச்சப்போ, மீதிப் பேரு எங்கன்னுதான் எனக்குத் தோணுச்சு. அஞ்சாவது முடிச்சு நின்ன பிள்ளைங்க எல்லாம் எங்க கூடத்தானே ஐயா இருக்குதுங்க? மாடு மேய்க்குது, தம்பியைத் தூக்கிக்கினு நிக்குது, என் பக்கத்துலயே பூப்பறிக்குது. லோகநாதன் வாத்தியார் போன ரெண்டு வருஷத்துப் பேரேட்டைப் பார்த்துப் பேரெல்லாம் எழுதிக் கொடுத்தாரு. அவரை அன்னிக்கு நான் அந்தப் பேச்சு பேசியும், அதைக் கொண்டாந்து எங்க வாசல்ல நின்னு கொடுத்தாரு. தண்ணி கொடுத்தேன், குடிச்சிட்டுப் போனாரு.

கள்ளிக்குப்பம், கொரட்டூர், பாடின்னு சாயங்காலத்துல ஊடு ஊடா ஏறி இறங்கினேன். ஞாயித்துக்கிழமையில ஊட்டுக்காரரும் கூட வந்தாரு. முதல்ல யாரும் ஒத்துக்கல. பொண்ணு ஆறாவது படிச்சு இன்னா பண்ணப்போவுதுன்னு கேட்டாங்க. அவருக்கு ஆத்திரம் வந்து, "நானும் இப்பிடித்தான் கேட்டுக்கினு இருந்தேன் அண்ணாத்தே. கேட்டுக்கினே இருந்திருந்தா எம்பொண்ணு இன்னும் வயித்துவலின்னு படுத்துக்கினு இருந்திருக்கும்"னாரு. அதுக்கப்புறம் ரெண்டு ஊட்டுல சரின்னாங்க. ரெண்டு பேரு சேர்ந்ததும் மத்தவங்களுக்கும் தைரியம் வந்துடுச்சு.

நாகேந்திரன் ஐயா ஊட்டுக்குக் கடைசியாப் போனேன். பையனைத் திருவள்ளூர்ல தங்க வெச்சுப் படிக்க வைக்கப்போறதா இருந்தாராம். ஜானகிராமனே வந்து, நான் இங்கயே படிக்கிறேன், நூத்துக்கு மேல இன்னும் பாக்கி இருக்குன்னு சொன்னான். அவரு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாரு.

பட்டியலை இதோட வெச்சிருக்கேன். கையெழுத்து தெரிஞ்சவங்க போட்டிருக்காங்க, தெரியாதவங்க பெருவிரல் ரேகை வெச்சிருக்காங்க. ஒம்பது பேரு பொண்ணுங்க. குப்பம்மா பேரை அதுல சேர்க்கல. அவ மூணாவதுதான், கணக்கு மணிக்கு மட்டும் வருவா.

பதினஞ்சு வேணும்னீங்க. பதினெட்டு இருக்கு. நடுவுல மூணு பேரு நின்னுட்டாலும் வகுப்பு நிலைச்சு நிக்கும். திறக்கற தேதியை மட்டும் எழுதுங்க.

பொன்னம்மாள்